ஏழு வாளிச் சுடுதண்ணீர்

அங்கிள், நீங்கள் பொய் சொன்னீர்கள்.

மறந்துவிட்டீர்கள், வாய் தவறிவிட்டது என்றெல்லாம் பூசி மெழுக எனக்கு வராது. போன தைப்பொங்கல் கூட்டத்தில், பள்ளிக்கூட மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால், மைக்கைப் பிடித்துக்கொண்டு பொய் சொன்னீர்கள்.

"எங்கடை ஆள் ஒருத்தர் பெத்த தாயின்ரை அந்தியேட்டியைப் பொயிலர்த் தண்ணியிலை முடிச்சவராம்" என்றீர்கள். சனம் சிரித்தது. "எங்கை, வீட்டு பேஸ்மென்ரிலையோ?" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். "இல்லை, ஆம்பிளையள் துவாயோடை திரியிற குளிப்புக் கடையிலை" என்றீர்கள். சனம் இன்னும் சிரித்தது. "நானெண்டால் உப்பிடி ஒரு இடத்தின்ரை வாசலையும் மிதியன்" என்று முடித்தீர்கள். அதற்குக் கைதட்டும் விழுந்தது.

நான் பின்வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இருந்தேன். மடியில் பேப்பர்த் தட்டு, அதில் இரண்டு ரோல்ஸ். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக இரண்டு தரம் கூரையைப் பார்த்தீர்கள்.

மிதித்தீர்கள், அங்கிள். வாசலையும் மிதித்தீர்கள், உள்ளே போய் ஏழு வாளியும் ஊற்றினீர்கள். எண்ணியவன் நான்.

சிரிப்போடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். இந்த ஊரில் என்னைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு, அது எனக்குப் பழக்கம். ஆனால் அந்த மண்டபத்தில் இருந்த யாரோ ஊருக்கு எழுதிவிட்டார்கள். திருகோணமலையில் இருக்கும் என் அக்காவின் காதுக்கு அது போய்விட்டது. பங்குனியில் அவளிடமிருந்து கடிதம் வந்தது. சுகம் விசாரிப்பு இல்லை. ஒரே கேள்வி. "தம்பி, அம்மாவுக்கு நீ செய்தனியோ இல்லையோ? செய்யாட்டிச் செய்யேல்லையெண்டு எழுது. இரண்டு வருசமா நான் அம்மா கரைசேர்ந்திட்டா எண்டு நினைச்சுக்கொண்டெல்லோ இருக்கிறன்."

செய்தேன் என்று எழுதினேன். அவள் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் நான்தான், அதையும் கீழே எழுதுகிறேன். வைகாசியில் இன்னொரு கடிதம் வந்தது. தான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும், அம்மா கனவில் வந்து ஈரச் சேலையோடு நிற்கிறா என்றும் அதில் இருந்தது. அவள் நம்பக்கூடிய ஆள் ரொறன்ரோவில் ஒருவர்தான். எங்கள் ஊர்க்காரர், எங்களுக்கு அடுத்த தெரு, அவள் சின்ன வயதிலிருந்து மரியாதையாகப் பார்த்தவர். அது நீங்கள்.

ஆகவே நடந்ததை நடந்தபடி, எல்லோரும் வாசிக்கும்படி இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன்.

நான் கனடாவுக்கு வந்தது எண்பத்துநாலு மார்கழியில். வந்த மூன்றாம் நாள் வோபர்னில் உங்கள் அபார்ட்மென்ருக்கு என்னைக் கூட்டிவந்தார்கள். அந்தக் காலத்தில் வந்திறங்கும் எல்லோரையும் அங்கேதான் கூட்டிவருவார்கள். நீங்கள் எழுபதுகளின் தொடக்கத்திலேயே வந்தவர். அரசாங்கக் கந்தோரில் வேலை. சாப்பாட்டு மேசையைச் சுற்றி எங்களை இருத்தி அகதி விண்ணப்பம் நிரப்பித் தருவீர்கள். ஒரு கேள்விக்கு நான் முழித்தபோது பேனையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "யோசிக்க என்ன இருக்கு? உண்மையைச் சொல்லும். உண்மையெண்டால்தான் திருப்பிக் கேக்கேக்கை மாறாமல் வரும்."

போகும்போது உங்கள் பழைய கோட்டொன்றைத் தந்தீர்கள். எனக்குத் தோள் பெரிது. இன்றைக்கும் பனிக்கு அதைத்தான் போடுகிறேன். செய்த நல்லதை நான் மறைக்கவில்லை.

எண்பத்தாறு தையில் அம்மா செத்துப்போனார். நான் இருந்த அறை வீட்டில் ரெலிபோன் இல்லை. ஊரிலிருந்து எனக்கு வரும் செய்தியெல்லாம் உங்கள் நம்பருக்குத்தான் வரும். வரச்சொல்லி ஆள் அனுப்பினீர்கள்.

"இரும் தம்பி."

"சொல்லுங்கோ அங்கிள்."

"இருமன் முதல்லை."

அன்ரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு நான் குடித்து முடியும் வரைக்கும் அங்கேயே நின்றா. செய்தியைச் சொன்னால் பிறகு குடிக்க மாட்டேன் என்று அவவுக்குத் தெரியும். கோப்பை காலியான பிறகுதான் நீங்கள் சொன்னீர்கள். அழுகை வரவில்லை. கழுத்துக்குள் ஒரு கட்டை மாதிரி வந்து நின்றது. அது பல நாளாக அங்கேயே நின்றது.

செத்தவருக்கு அந்தியேட்டி செய்யும் முப்பத்தோராம் நாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது அக்காவின் கடிதம் வந்தது. எங்கள் பக்கத்தில் அந்த நாளில் அந்தியேட்டி செய்வதென்றால் கன்னியாவுக்குப் போவார்கள். ஊரிலிருந்து சில மைல் தூரம். ஏழு வெந்நீர்க் கிணறுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சூடு. தன் தாய்க்குக் கடன் செய்யத் தண்ணீர் தேடிய ஓர் அரசன் நிலத்தில் ஏழு தரம் குத்த, ஏழு இடத்தில் சுடுதண்ணீர் வந்தது என்பது கதை. கடன் முடித்தவர்கள் ஏழு கிணற்றிலும் அள்ளி ஊற்றி முழுகிவிட்டு வீட்டுக்கு வருவார்கள். அதோடு சாவுத் தீட்டு, எங்கள் பேச்சில் துடக்கு, முடியும். அந்த வருடம் நடந்த சண்டையில் அந்த ரோட்டால் ஒருவரும் போக முடியவில்லை. யார் மறித்தார்கள், ஏன் என்பது உங்களுக்கும் தெரியும், வாசிப்பவர்களுக்கும் தெரியும்.

அக்கா எழுதியிருந்தாள்: "கன்னியாவுக்குப் போகேலாது. வீட்டுக் கிணத்தடியிலை செய்தால் எனக்கு மனம் ஆறாது. நீ இருக்கிற இடத்திலை சுடுதண்ணி ஊத்து இருந்தால் அம்மாவை நினைச்சு நீ முழுகு. ஆம்பிளைப் பிள்ளை நீ ஒருத்தன்தானே."

எனக்குக் கோபம் வந்தது. ரொறன்ரோவில் மாசி மாதம். ஏரிக்கரையில் ஐஸ் கட்டியிருக்கிறது. இவள் வெந்நீர் ஊற்றுக் கேட்கிறாள். கடிதத்தை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

வேலை ஸ்படைனாத் தெருவுக்கு மேற்கே ஒரு பேக்கரியில். நான் தட்டுக் கழுவி, மாவு மூட்டை தூக்குகிறவன். பாண் சுடும் போறணையடுப்பைப் பார்த்தவர் ஒரு யூதக் கிழவர். கைக்குழந்தையாய்க் கப்பலில் வந்தவராம். ஆனாலும் அவர் ஆங்கிலம் எனக்கு விளங்காது, என் ஆங்கிலம் அவருக்கு விளங்காது. நாங்கள் இரண்டு பேரும் நிறையக் கதைப்போம். அவர் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"என்னடா, ஒரு மாசமா மூஞ்சை புளிச்ச மா மாதிரிக் கிடக்கு?"

"அம்மா செத்திட்டா. எனக்குச் சுடுதண்ணி வேணும்."

"தேத்தண்ணிக்கோ?"

"குளிக்க. பழைய சுடுதண்ணி. கன காலமா இருக்கிறது."

அவர் நீளக் கட்டையால் இரண்டு பாணை வெளியே இழுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அதுக்கேன் அழுகிறாய்? இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கு. நான் இஞ்சை வரேக்கையே இருந்தது. கல்லுச் சுடும், தண்ணி சுடும், நீயும் சுடுவாய். புதன்கிழமை வேலை முடிய வா."

இப்போது நான் ஏமாந்த விதத்தைச் சொல்கிறேன். அந்த இடத்தில் தண்ணீர் நிலத்திலிருந்து வருகிறது என்று அவர் சொல்லவில்லை. நானாகத்தான் நினைத்தேன். சும்மா நினைக்கவில்லை, காரணத்தோடு நினைத்தேன். குளிப்பதற்கென்று ஒரு கட்டடம் கட்டி, கிழவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே போய்க் குளிக்கிறார்கள் என்றால் அங்கே தண்ணீர் தானாகவே சுட வேண்டும். இல்லாவிட்டால் அவனவன் வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு நிற்க வேண்டியதுதானே, அதற்கு ஏன் இரண்டு தெரு நடக்க வேண்டும்? கன்னியாவுக்குப் பக்கத்தில் வளர்ந்த ஒருவன் வேறு எப்படி நினைப்பான்? நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள். அதை மறக்க வேண்டாம்.

புதன்கிழமை போனேன். மீன்கடைக்கும் துணிக்கடைக்கும் நடுவில் சிவப்புச் செங்கல் கட்டடம். வாசற்படி நடுவில் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மதிப்பு வந்தது. இத்தனை கால் மிதித்திருந்தால் சும்மா இடமாக இராது. உள்ளே ஈரப்பலகை மணம், சவர்க்கார மணம், வெங்காயத்தோடு சேர்ந்த மீன் மணம். வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு பெரிய வயிற்றோடு கிழவர்கள் இருந்து கடுதாசி விளையாடினார்கள். சிலர் அந்தத் துணியும் இல்லாமல்.

நான் சாரம் கொண்டுபோயிருந்தேன். அதைக் கட்டிக்கொண்டு வர, வாசலில் லொக்கர்ச் சாவி கொடுக்கிற திறப்புக்காரன் கத்தினான். "உதென்ன பாவாடை? பொம்பிளையளின்ரை நாள் செவ்வாய்க்கிழமை!"

"விடடா" என்றார் போறணைக்காரர். "அவன்ரை நாட்டிலை ராசா கட்டுறது."

"ராசா ஏன் உன்ரை பேக்கரியிலை தட்டுக் கழுவுறார்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கேள்வியை நானும் பல தரம் கேட்டிருக்கிறேன்.

முதலில் கல் அறை. சுவரோடு ஒரு பெரிய போறணை, உள்ளே கற்கள். பலகைப் படிகள் கூரை வரை போகும். ஏற ஏறச் சூடு கூடும். ஒருவர் கல்லின்மேல் தண்ணீர் வீச, சத்தம் வருமுன் சூடு வந்து காதைக் கடித்தது. மேல்படியில் ஒருவரைக் குப்புறக் கிடத்தி இன்னொருவர் இலைக்கட்டால் முதுகில் அடித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் பேய் பிடித்தவருக்குத்தான் இலையால் அடிப்பார்கள். "உவருக்கு என்ன?" என்று கேட்டேன். "அவருக்கு மூண்டு மருமகன்மார்" என்றார் போறணைக்காரர்.

பிறகு தண்ணீர் அறை. தரையில் மூன்று தொட்டிகள். ஒவ்வொன்றிலும் கைவைத்துப் பார்த்தேன். ஒன்று பொறுக்க முடியாத சூடு, ஒன்று இளஞ்சூடு, மற்றது ஐஸ். மூன்றுக்கும் மூன்று விதம். கன்னியாவில் போலவே. இருந்த கொஞ்சச் சந்தேகமும் எனக்குப் போய்விட்டது.

ஆனால் அந்த மனிதர்கள் தொட்டிக்குள் இறங்கினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. கன்னியாவில் ஒருவரும் கிணற்றுக்குள் கால் வைக்க மாட்டார்கள். வெளியே நின்று அள்ளித்தான் ஊற்ற வேண்டும். நான் மரவாளி ஒன்றை எடுத்து, சூட்டுத் தொட்டியின் கரையில் நின்று அள்ளித் தலையில் ஊற்றினேன்.

"உள்ளை இறங்கன்!" என்று கத்தினார்கள்.

"மாட்டன்."

"ஏன், பயமோ?"

"உது கிணறு. நீங்கள் எல்லாரும் கிணத்துக்குள்ளை நிக்கிறியள்."

தண்ணீருக்குள் நின்ற ஐந்து பேரும் தங்களைத் தாங்களே குனிந்து பார்த்தார்கள். பிறகு ஒருவர் ஏறி வெளியே வந்தார், இன்னொரு வாளியை எடுத்தார், என்னைப்போல அள்ளி ஊற்றிப் பார்த்தார். "மோசமில்லை" என்று மற்றவர்களுக்குச் சொன்னார்.

நான் ஊற்றிக்கொண்டே நின்றேன். செய்தி வந்த நாளிலிருந்து கழுத்துக்குள் நின்ற கட்டை கொஞ்சம் இளகியது. அது பக்தி என்று சொல்ல மாட்டேன். சூடு பட்டால் எதுவும் இளகும். ஆனால் வீட்டுக் குழாயில் அது இளகவில்லை. பக்கத்தில் வேறு மனிதர்கள் நின்றது காரணமாக இருக்கலாம். தனியாகக் குளிப்பவன் அழுக்கைத்தான் கழுவுகிறான்.

அங்கிருந்து நேரே வோபர்னுக்கு வந்தேன். தலைமயிர் குளிரில் விறைத்திருந்தது.

"அங்கிள், இடம் கிடைச்சிட்டுது."

"என்ன இடம்?"

"சுடுதண்ணி. கன்னியா மாதிரி. டவுன்ரவுனிலை."

"உமக்கென்ன, காய்ச்சலே?" என்று கேட்டு என் நெற்றியில் கைவைத்தே பார்த்தீர்கள்.

நான் எல்லாம் சொன்னேன். தேய்ந்த படி, கல், மூன்று சூடு. நீங்கள் கண்ணாடியைக் கழற்றினீர்கள். "நிலத்திலையிருந்தோ வருது?"

"ஓம்" என்றேன்.

பார்க்காத விசயத்துக்கு ஓம் சொன்னேன். அது என் முதல் பிழை.

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. அன்ரி கதவடிக்கு வந்தா. "மாமாவுக்கும் ஒண்டும் செய்யேல்லை" என்றா. எண்பத்துமூன்றில் உங்கள் அப்பா ஊரில் செத்தபோது நீங்கள் இங்கே இருந்தீர்கள், போக முடியவில்லை. மூன்று வருடமாக யாரிடமும் அதைப் பற்றிக் கதைக்காதவர் நீங்கள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, போடாமல் கையிலேயே வைத்திருந்தீர்கள்.

"நானும் வரலாமோ, தம்பி?"

அதற்கு முன்னும் பின்னும் நீங்கள் என்னிடம் எதற்கும் உத்தரவு கேட்டதில்லை.

முப்பத்தோராம் நாள் உங்கள் வீட்டு ஹோலில்தான் காரியம் நடந்தது. புகை மணி அடிக்கும் என்று பற்றரியைக் கழற்றி வைத்தோம். குருக்கள் அவசரத்தில் இருந்தார். "எனக்கு அஜின்கோர்ட்டிலை ஒரு செத்தவீட்டு எட்டுச்செலவு இருக்கு, ஓடோணும். எள்ளும் தண்ணியும் நீங்களே இறைச்சு முழுகுங்கோ" என்று சொல்லி எள்ளைக் கடதாசியில் சுற்றித் தந்துவிட்டுப் போய்விட்டார்.

வேட்டிக்கு மேலே கோட்டு, காலில் பனிச் சப்பாத்து, நெற்றியில் திருநீறு. அந்தக் கோலத்தில் நீங்களும் நானும் பஸ்ஸும் சப்வேயும் ஸ்ரீட்காரும் ஏறிப் போனோம். ஸ்ரீட்காரில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி எங்கள் கால்களைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போறம்" என்று அவளுக்குச் சொன்னீர்கள். அன்றைக்கே ஒரு பொய் சொன்னீர்கள். அது சின்னது, அதை விடுகிறேன்.

தேய்ந்த படியில் சப்பாத்தைத் தட்டிப் பனியை உதறினீர்கள். உள்ளே துணியில்லாத கிழவர்களைக் கண்டதும் கூரையைப் பார்த்தீர்கள். போறணைக்காரர் எங்களுக்காகக் காத்திருந்தார். "உவரும் ராசாவோ?" என்று என்னிடம் கேட்டார். "ஓம், பெரியவர்" என்றேன்.

தொட்டிக் கரையில் நீங்கள் வேட்டியோடு நின்றீர்கள். கையில் மரவாளி. முதலாவது வாளியை ஊற்றிவிட்டு மூச்சு வாங்கினீர்கள். நான் எண்ணினேன். இரண்டு. மூன்றாவதில் "அப்பா" என்றீர்கள். அது மண்டபத்தில் கேட்கும் குரல் அல்ல, கந்தோர்க் குரலும் அல்ல. தண்ணீருக்குள் நின்ற ஒரு கிழவர் துவாயை எடுத்து, சாமி கும்பிடுகிறவர் போலத் தன் தலையை மூடிக்கொண்டார். ஏனென்று நான் கேட்கவில்லை. ஏழாவது வாளியை உங்களால் தூக்க முடியவில்லை. "விடுங்கோ அங்கிள், நான் பிடிக்கிறன்" என்று அடியைப் பிடித்தேன். இரண்டு பேருமாக ஊற்றினோம். பிறகு எனக்கு நான் ஏழு ஊற்றினேன்.

பிறகு எள்ளு. கடதாசியைப் பிரித்து, கையில் எள்ளும் தண்ணீருமாக இறைத்தோம். தொட்டிக்குள் விழாமல் தரையில்தான் இறைத்தோம், அவ்வளவு கவனம் எங்களுக்கு இருந்தது. ஆனால் குருக்கள் தந்த எள்ளு ஒரு குடும்பத்துக்கே காணும். தரையில் தண்ணீர் போகும் ஓட்டையில் அது போய் அடைத்தது. தண்ணீர் கணுக்கால் வரை வந்தது.

திறப்புக்காரன் ஓடிவந்தான். "உதென்ன, எறும்போ?"

"எள்ளு" என்றேன்.

"பாணுக்குப் போடுறதை ஏன்ரா என்ரை தரையிலை போட்டியள்? கீழை வாருங்கோ, இரண்டு பேரும். அடைச்சவைதான் எடுக்கோணும்."

கீழே கூட்டிப்போனான். நாலு படி இறங்கும்போதே சத்தம் கேட்டது. பேஸ்மென்ரில், அரை லொறி அளவில், கறுப்பாக ஒரு பொயிலர் இருந்தது. சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் நீல நெருப்பு. சுவரிலிருந்து ஒரு பெரிய குழாய் வந்து அதற்குள் போனது.

எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் கேட்டேன். "தண்ணி எங்கையிருந்து வருது?"

"ஏரியிலையிருந்து. ஊருக்கெல்லாம் வாற குழாய்தான். வேறை எங்கையிருந்து வரும்?"

"நிலத்திலையிருந்து இல்லையோ?"

அவன் இருமும் வரைக்கும் சிரித்தான். நீங்கள் சிரிக்கவில்லை. குனிந்து, குழாய் வளைவின் மூடியை அவன் கழற்ற, அதற்குள் விரலை விட்டு எள்ளை எடுத்தீர்கள். எடுத்ததைக் குப்பை வாளியில் போடச் சொன்னான். நீங்கள் போடவில்லை. ஈர வேட்டியின் தலைப்பில் முடிந்துகொண்டீர்கள். நான் பார்த்தேன், அங்கிள். பொயிலர்த் தண்ணீர் என்று தெரிந்த பிறகும் அந்த எள்ளைக் குப்பையில் போட உங்களுக்கு மனம் வரவில்லை.

படியேறும்போது, "தம்பி, உதை ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்றீர்கள்.

"ஏன் அங்கிள்?"

"சொல்லாதையும்."

நீங்கள் முதல் ஸ்ரீட்காரில் ஏறிப் போய்விட்டீர்கள். நான் வாசலில் நின்றேன். போறணைக்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தார். வெட்கத்தோடு அவரிடம் சொன்னேன், தண்ணீர் நிலத்திலிருந்து தானாக வருகிறது என்று நினைத்ததை. அவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "பாண் தானா வேகுதோ?" என்று கேட்டார். "ஆரோ ஒருத்தன் விடிய எழும்பி நெருப்பு வைக்கோணும். நாளைக்குப் பிந்தாமல் வா, மா மூட்டை வருது."

அவ்வளவுதான் அவர் சொன்னது. அதில் பெரிய தத்துவம் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. நான்தான் இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கதையின் அரசனுக்குத் தாய்க்குக் கடன் செய்யத் தண்ணீர் தேவைப்பட்டது. இருந்த இடத்தில் இல்லை. குத்தி எடுத்தான். கன்னியாவே அப்படி வந்ததென்றுதானே சொல்கிறோம்? இங்கே வந்தவர்கள் தங்களுக்குத் தேவைப்பட்டதைப் பொயிலர் பூட்டி எடுத்திருக்கிறார்கள். ஏரித் தண்ணீர் புண்ணிய தீர்த்தம் என்று நான் வாதாட வரவில்லை. அந்தத் தண்ணீர் செல்லுமா செல்லாதா என்று எனக்குத் தெரியாது, குருக்களுக்கும் தெரியுமோ தெரியாது. ஆனால் ஊற்றினோமா என்பது தெரியும். அது வேறு கேள்வி. அதற்கு ஓம், இல்லை என்ற இரண்டு பதில்தான் உண்டு.

இனி என் இரண்டாவது பிழை. அன்றைக்கே அக்காவுக்கு எழுதினேன். சுடுதண்ணீரில் முழுகினேன் என்று மட்டும் எழுதியிருந்தால் அது உண்மை. நான் அதோடு விடவில்லை. "கன்னியா மாதிரியே ஊத்துத்தான் அக்கா, இஞ்சையும் ஏழு கிணறு" என்று எழுதினேன். அவள் மனம் ஆறட்டும் என்று எழுதினேன். பொய் பொய்தான். இப்போது பொயிலர்க் கதை அவளுக்குப் போய்விட்டது. ஏழு கிணறு பொய்யென்றால் முழுகியதும் பொய்தான் என்று அவள் முடிவுகட்டியிருக்கிறாள். நியாயம்தானே? திருப்பிக் கேட்டால் மாறாமல் வருவது உண்மை மட்டும்தான் என்று நீங்களே எனக்குச் சொல்லித்தந்தீர்கள்.

மூன்றாவது பிழை, வாயை மூடிக்கொண்டு இருக்காதது. போன வருடம் அறைக் கூட்டாளி ஒருவரிடம் சிரித்துச் சிரித்து இதைச் சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. அவர் நாலு பேருக்குச் சொன்னார். கதை ஸ்காபரோவைச் சுற்றி உங்களிடம் வந்தபோது அதில் நான் மட்டும்தான் இருந்தேன். உங்களுக்கு வசதியாகப் போய்விட்டது. பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருந்தால் உங்களையும் யாராவது கேட்பார்களோ என்று பயம். அதனால் முந்திக்கொண்டு மைக்கைப் பிடித்தீர்கள்.

இப்போது கடைக்குப் போனால் "பொயிலர் அண்ணை வாறார், சுடுதண்ணி வையுங்கோ" என்கிறார்கள். பரவாயில்லை, எனக்கு வைத்த பெயர்களில் இது மோசமானதில்லை. நான் கேட்பது என் பெயருக்காக அல்ல. ஊரில் ஒருத்தி சாப்பிடாமல் இருக்கிறாள். ரோட்டுத் திறந்தாலும் அவளால் தனியப் போய்ச் செய்ய முடியாது, ஆண்பிள்ளை வேண்டும் என்பார்கள். நான் போக முடியாது. ஆகவே எங்கள் அம்மாவுக்கு அந்த ஏழு வாளியைத் தவிர வேறொன்றும் இல்லை. உங்கள் அப்பாவுக்கும் இல்லை. அதை நடக்கவில்லை என்று சொன்னபோது என்னை மட்டும் விற்கவில்லை, கரைசேர்ந்த அவரையும் திரும்ப இந்தக் கரைக்கே கொண்டுவந்து விட்டீர்கள்.

நான் விட்ட மூன்று பிழையையும் எழுதிவிட்டேன். பெயர்போட்டு எழுதாவிட்டாலும் எல்லோருக்கும் என்னைத் தெரியும். என் பொய்யை அக்காவுக்கும் எழுதிவிட்டேன். ஏழு கிணறு இல்லை, மூன்று தொட்டி, கீழே பொயிலர், தண்ணீர் ஏரியுடையது என்று எழுதிவிட்டேன். ஊற்றியது மட்டும் உண்மை, கேட்க வேண்டிய ஆளைக் கேட்கிறேன், பொறு என்று எழுதியிருக்கிறேன்.

அடுத்த மாதம் ஆடி அமாவாசை. தகப்பன்மாரை நினைக்கிற நாள். அதே மண்டபம், அதே சனம். மைக் வழக்கம்போல உங்கள் கையில்தான் இருக்கும். வீட்டுக்கு வாரும் தம்பி, இருந்து கதைப்பம் என்று ஆள் அனுப்ப வேண்டாம். நான் வர மாட்டேன். சொன்ன இடத்திலேயே சொல்லுங்கள். ஊருக்கு எழுதுகிறவர்கள் அதையும் எழுதட்டும்.

நான் இந்த முறை முன்வரிசையில் இருப்பேன். கூரையைப் பார்க்காமல் பதில் சொல்லுங்கள், அங்கிள்: எண்பத்தாறு மாசியில் என்னோடு அந்தப் படியை மிதித்தீர்களா, இல்லையா? உங்கள் அப்பாவுக்கு ஏழு வாளி ஊற்றினீர்களா, இல்லையா? பக்கத்தில் நின்று என் அம்மாவுக்கு நான் ஊற்றியதைக் கண்டீர்களா, இல்லையா?